மூச்சுக் கருவிக்கும் ஒரு மூக்கு உண்டு

சிக்கனம் நம் இல்லங்களின் நற்குணங்களுள் ஒன்று. பழைய சேலை தொட்டிலாகிறது. தொட்டில் நைந்தால் அடுப்படியில் கைப்பிடித் துணியாகிறது. காலியான ஹார்லிக்ஸ் புட்டி மிளகாய்த் தூளுக்கு இருப்பிடமாகிறது. எப்பொருளையும் ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட நம் தாய்மார்களுக்கு மனம் வருவதில்லை. இந்த நற்குணமே ஓரிடத்தில் தீமையாக முடிவதை அண்மையில் நேரில் கண்டோம். அதைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணுகிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கடுங்குறட்டையாலும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று திரும்பும் நோயாலும் பல்லாண்டுகள் அல்லலுற்றவர் அவர். வெளியூரில் பணிபுரியும் மகள் தன் சேமிப்பிலிருந்து 'சி-பாப்' என்னும் மூச்சுக் கருவியை வாங்கித் தந்திருந்தாள். அதை அணிந்து உறங்கத் தொடங்கிய நாள் முதல் அவர் புது மனிதராக நடமாடியதை ஊரே கண்டது. ஆனால் அன்று நாம் சென்றபோது, பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவிலேயே கண் அயர்ந்தார்.

"சார், கருவியை மாட்டிக்கொள்கிறீர்களா?" என வினவினோம்.

"ரெண்டு மாசமா மாட்டல, சாமி. சத்தம் கூடிப்போச்சு. புழுதி வாடை வேற. மாட்டினா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

அவருடைய துணைவியார் தயங்கித் தயங்கி மற்றொன்றையும் கூறினார். முந்தின வாரம் இருவரும் மொபெட்டில் சந்தைக்குச் சென்றபோது, ஆசிரியர் ஒரு கணம் கண் அயர, வண்டி சாலையோரப் புளியமரத்தை நோக்கிச் சென்றதாம். அம்மையார் முதுகில் தட்டியதால் இருவரும் தப்பினர்.

கருவியைக் கொண்டுவரச் சொன்னோம். பக்கவாட்டில் இருந்த சிறு மூடியைத் திறந்தபோது, வெண்மையாக இருந்திருக்க வேண்டிய வடிகட்டி கரித்துணிபோல் கருத்து, ஓரம் சுருங்கி, இடம் விலகிக் கிடந்தது. "மூணு தடவை சோப்புப் போட்டு அலசிட்டேன், சாமி. இன்னும் கிழியல. நல்லா இருக்கிறதை எதுக்கு எறியணும்?" என்றார் அம்மையார். குற்றம் அவருடையதன்று. அதை எறிய வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

உறக்கத்தில் நிகழ்வது என்ன?

உறங்கும்போது நம் உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் அவ்வாறே தளரும். சிலருக்குத் தளர்ந்த தொண்டை மூச்சுப் பாதையை முழுவதும் அடைத்துவிடுகிறது. நெஞ்சு மூச்சிழுக்க முயல்கிறது, காற்று உட்செல்வதில்லை. குருதியில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு உடலை அரைவிழிப்புக்குக் கொணர்கிறது. பெருங்குறட்டையுடன் மூச்சு திரும்புகிறது. சற்று நேரத்தில் மீண்டும் அதே அடைப்பு.

10 வினாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதை மருத்துவர் ஒரு தடையாகக் கணக்கிடுகின்றனர். மூச்சு பெரிதும் குறைவதையும் இக்கணக்கில் சேர்ப்பர். மணிக்கு 5 முதல் 15 வரை இருப்பின் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேற்பட்டால் கடுமையானது. கடுமையான நோயாளி ஓர் இரவில் இருநூறு முறைக்கு மேல் திடுக்கிடுகிறார். காலையில் ஒன்றும் அவர் நினைவில் இராது. எட்டு மணி நேரம் படுத்தும் உறங்காதவராகவே எழுகிறார். பகலில் தூங்கி வழிதல், காலைத் தலைவலி, மறதி, எரிச்சல், அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை இதனால் வரும். இதயத்துக்கும் இது நல்லதன்று. வண்டி ஓட்டுபவராயின் வழியில் வருவோருக்கும் ஆபத்து.

கருவி செய்யும் தொண்டு

ஒரு காலத்தில் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே முதன்மையான சிகிச்சையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவன் வேறொரு வழி கண்டார். மூக்கின் வழியே இலேசான அழுத்தத்துடன் காற்றை இடைவிடாது செலுத்தினால், அக்காற்றே தொண்டையை உள்ளிருந்து தாங்கித் திறந்து வைக்கும் என்பது அவர் கண்டது. 1980-இல் முதன்முதலாக ஒரு நோயாளியிடம் இதைச் சோதித்தார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981-இல் அவரும் அவர் துணைவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் வீடுகளில் இயங்கும் சி-பாப் கருவிகளுக்கு அதுவே தொடக்கம்.

கருவிக்குள் இருப்பது ஒரு சிறு விசிறி. அது அறைக் காற்றை உள்ளிழுத்து, அழுத்தம் கூட்டி, குழாய் வழியாக முகமூடிக்கு அனுப்புகிறது. பெரும்பாலான கருவிகளில் அந்த அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குள் அமையும். எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் நிர்ணயிப்பார்.

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அமைதியாகப் படுத்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை மூச்சாக இழுக்கிறார். கருவி இழுப்பதோ அதைவிடப் பன்மடங்கு. வெளிவிடும் மூச்சு முகமூடிக்குள் தங்கிவிடலாகாது என்பதற்காக முகமூடியில் நுண்துளைகள் வைத்திருக்கின்றனர். அவற்றின் வழியே காற்று இரவெல்லாம் கசிந்துகொண்டே இருக்கும். நடுத்தர அழுத்தத்தில் இது நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவில் இருக்கும். எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிடுவோமாயின் 14,400 லிட்டர். அதாவது, 200 லிட்டர் கொள்ளும் தண்ணீர்ப் பீப்பாய்கள் 72 நிறையும் காற்று ஒவ்வோர் இரவும் அந்தச் சிறு வாயில் வழியே நுழைகிறது. முப்பது இரவுகளுக்கு நான்கு இலட்சம் லிட்டருக்கு மேல். அக்காற்றில் மிதக்கும் தூசி அனைத்துக்கும் வாசற்காவலாக நிற்பது தீப்பெட்டி அளவேயான வடிகட்டி ஒன்றே. மூச்சுக் கருவிக்கும் மூக்கு ஒன்று உண்டென்றால் அது இதுவே.

இரு வகை வடிகட்டிகள்

கடையில் 'பில்டர்' என்று கேட்டால் தருகின்ற இப்பொருளில் இரு வகை உண்டு. ஒன்று கடற்பஞ்சுபோல் மிருதுவான நுரைப்பஞ்சு வடிகட்டி. பெருந்தூசி, மகரந்தம், முடி, பஞ்சிழை ஆகியவற்றை இது தடுக்கும். இதைக் கழுவலாம். மற்றொன்று தாள்போல் மெல்லிய, வெளிர்நிற, நுண்ணிழை வடிகட்டி. முன்னதைக் கடந்து வரும் நுண்தூசியை இது பிடிக்கும். இதைக் கழுவலாகாது, மாற்றவே வேண்டும். சில கருவிகளில் இரண்டும் இருக்கும். சிலவற்றில் கழுவலாகாத வகை மட்டுமே இருக்கும். குழப்பம் தோன்றுவது இங்குதான்.

பிலிப்ஸ் நிறுவனத்தின் ட்ரீம்ஸ்டேஷன் கருவியில் இரண்டும் உண்டு. நுரைப்பஞ்சு வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் அலசி, ஆறு மாதத்தில் மாற்றவேண்டும் என்றும், நுண்ணிழை வடிகட்டியை 30 இரவுகளுக்குப் பின், அழுக்கேறினால் அதற்கு முன்னரே, மாற்றவேண்டும் என்றும் அதன் கையேடு கூறுகிறது. ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 கருவியில் உள்ள வடிகட்டியோ கழுவத்தக்கதன்று. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மாற்றவேண்டும்; துளையோ தூசியடைப்போ காணப்பட்டால் முன்னதாகவே மாற்றவேண்டும் என்பது அக்கையேட்டின் விதி. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்புத் திட்டம், எறியத்தக்க வடிகட்டிகளை மாதத்துக்கு இரண்டு வரை அனுமதிக்கிறது.

இவ்வாறு கால அளவுகள் வேறுபடுவதால், அண்டை வீட்டாரின் கணக்கை நாம் பின்பற்றலாகாது. நம் கருவியின் கையேடு சொல்வதே நமக்கு விதி. அதிலும், அந்த நாள் வரும்வரை பார்க்காமல் இருக்கலாம் என்று பொருளன்று. புழுதி மிகுந்த தெருவில் வாழ்வோர் மாதம் இருமுறையேனும் மூடியைத் திறந்து பார்ப்பது நலம்.

கழுவினால் என்ன?

அம்மையாரின் கேள்வி நியாயமானது. சோற்றுப்பானைக் கஞ்சியை வடிக்கும் துணியைக் கழுவுகிறோம். மாவு சலிக்கும் சல்லடையைக் கழுவுகிறோம். இதை ஏன் கழுவலாகாது?

இது சல்லடையைப்போல் செயற்படுவதன்று என்பதே விடை. சல்லடையின் கண்கள் தம்மைவிடப் பெரியதை மட்டுமே தடுக்கும். நுண்ணிழை வடிகட்டியோ சிக்கலான ஓர் இழைக்காடு. காற்று அதனுள் வளைந்து நெளிந்து செல்கிறது. அதனோடு வளைய இயலாத தூசிகள் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை அலைந்து திரிந்து இழையில் பட்டு அகப்படுகின்றன. பல வடிகட்டிகளில் இழைகளுக்கு மின்னூட்டமும் ஏற்றியிருப்பர். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல், அந்த மின்னூட்டம் தூசியை இழுத்துப் பற்றும்.

நீரும் சோப்பும் பட்டால் இந்த மின்னூட்டம் குன்றுகிறது. கசக்கும்போது இழைகள் ஓரிடத்தில் கட்டியாகி, மற்றோரிடத்தில் வழிவிடுகின்றன. கண்ணுக்கு வெளுத்துத் தோன்றினும், உள்ளே சிக்கிய நுண்தூசி முழுவதும் போவதில்லை. ஓரம் சுருங்கினால், சுற்றியுள்ள இடைவெளி வழியாக வடிகட்டாத காற்று நேரே நுழைகிறது. ஈரம் உலராமல் பொருத்தினால் பூஞ்சை பிடிக்கும். ஈரக்காற்று விசிறிக்கும் கேடு.

நாமும் குற்றமற்றவர் அல்லோம். சில ஆண்டுகளாக நாமும் இக்கருவியின் துணையுடனேயே உறங்குகிறோம். ஆண்டுத் தியானத்தின்போது நம் குறட்டை இரு சுவர்களைத் தாண்டிக் கேட்டதாகத் தோழமைக் குருக்கள் முறையிட்டதே நம்மை மருத்துவரிடம் அனுப்பியது. கருவி வந்த முதல் ஆண்டில், வடிகட்டியை எடுத்துச் சுவரில் இருமுறை தட்டி, தூசி பறந்ததைக் கண்டு மனநிறைவுடன் மீண்டும் பொருத்தி வந்தோம். தட்டும்போது உதிர்வது மேலே படிந்த தூசி மட்டுமே. உள்ளே அடைந்தது அடைந்தபடியே இருக்கும். தட்டிய வேகத்தில் தளர்ந்த தூசியும் அடுத்த இரவில் உள்ளே இழுக்கப்படும். கருவியைச் சரிபார்க்க வந்த இளைஞர் அதன் உட்புறத்தில் படிந்திருந்த சாம்பல் நிறப் புழுதியை விரலில் தொட்டுக் காட்டியபோது நாம் வெட்கினோம்.

அடைபட்ட வடிகட்டியால் காற்று தாராளமாக வருவதில்லை. விசிறி வேகம் கூட்டிச் சுழல வேண்டியிருக்கிறது. சத்தம் மிகுகிறது, கருவி சூடாகிறது, புழுதி வாடை வருகிறது. உறங்குபவருக்கு மூக்கடைப்பும் தும்மலும் தொண்டை அரிப்பும் தோன்றுகின்றன. இவற்றால் அன்றிரவே உயிருக்கு ஆபத்து வந்துவிடாது. ஆனால் அவர் எரிச்சலுற்று முகமூடியைக் கழற்றி வைக்கிறார். ஒரு நாள் கழற்றியவர் மறுநாளும் கழற்றுகிறார். கருவி பரண் ஏறுகிறது, நோய் திரும்புகிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி, அதன் விலையில் மிகச் சிறு பங்கே ஆன ஒரு துண்டுக்காகப் பயனற்றுப் போகிறது.

நம் வீட்டுக் காற்று

கருவி எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையின் காற்றைத்தான் அது தரும். நம் வீடுகளில் அதைப் பெரும்பாலும் கட்டிலின் அருகே தரையிலேயே வைத்துவிடுகிறோம். பெருக்கும்போது எழும் புழுதி, இலவம்பஞ்சுத் தலையணையின் இழை, முகப்பவுடர், நாய் பூனையின் உரோமம் ஆகிய யாவும் தரையருகே வந்து சேர்கின்றன. முழங்கால் உயரத்துக்குக் குறையாத சிறு மேசைமேல், ஆயினும் படுத்திருப்பவரின் தலை மட்டத்துக்கு மேலே போகாமல், சமதளமாக வைப்பது நன்று. காற்று நுழையும் பக்கம் திரைச்சீலையோ சுவரோ ஒட்டியிருத்தல் ஆகாது.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி ஒரு வார்த்தை. பல வீடுகளில் அதைக் கட்டிலடியில், கருவிக்கு ஒரு முழத் தூரத்தில் ஏற்றி வைக்கின்றனர். அப்புகையின் துகள்களுள் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மனிதத் தலைமுடியின் பருமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். சாதாரண வடிகட்டி புகையில் ஒரு பகுதியைப் பிடித்துக் கருக்கும், எஞ்சியதை விட்டுவிடும், வாயுவை அறவே தடுக்காது. அந்தப் புகையை அழுத்தம் கூட்டி நுரையீரலுக்கு அனுப்புவதாகவே முடியும். ஆதலின் கருவி இயங்கும் அறையில் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி, சிகரெட் எதுவும் வேண்டா. கொசுவலையே சாலச் சிறந்தது. ஒட்டடை அடிக்கும் நாளிலும், வெள்ளையடிக்கும் நாளிலும் கருவியை வேறு அறைக்கு மாற்றிவிடுக.

மாற்றும் முறை

இவ்வேலைக்கு இரண்டு நிமிடம் போதும். கருவியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்குக. நீர்த்தொட்டி இணைந்திருப்பின் முதலில் அதைக் கழற்றி அப்பால் வைக்க. சாய்த்தால் நீர் உள்ளே சென்றுவிடும். மூடியைத் திறந்து பழைய வடிகட்டியை மெல்ல எடுத்து உடனே குப்பையில் இடுக. அவ்விடத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க. வாயால் ஊத வேண்டா. இருவகை வடிகட்டியும் உள்ள கருவியானால், எது உள்ளே எது வெளியே என்பதைக் கையேட்டுப் படத்தில் கண்டு பொருத்துக. ஓரம் மடியாமல் சட்டத்தில் முழுவதும் படிந்திருக்க வேண்டும். கழுவத்தக்க நுரைப்பஞ்சை நீரில் அலசியபின், நிழலில் முற்றிலும் உலர்ந்த பிறகே திரும்பப் பொருத்தலாம். உலரும்வரை பயன்படுத்த மற்றொன்று கைவசம் இருத்தல் நலம்.

வடிகட்டி இல்லாமல் ஓர் இரவும் கருவியை இயக்கலாகாது. வடிகட்டி தீர்ந்துவிட்டதென்று கைக்குட்டைத் துண்டையோ, பஞ்சையோ, முகக்கவசத் துணியையோ வெட்டிச் செருகுவோரும் உளர். அது காற்றை அளவுக்கு மீறித் தடுக்கலாம். நழுவி உள்ளே இழுக்கப்படவும் கூடும். வாங்கும்போது கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் தாளில் எழுதிச் செல்க. ஒன்றின் வடிகட்டி மற்றொன்றுக்குப் பொருந்தாது. நம் சிற்றூர்க் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு வேண்டியதை ஒருசேர வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் வைக்கலாம்.

வடிகட்டியால் இயலாதவை

வடிகட்டியிடம் அதன் ஆற்றலுக்கு மீறியதை எதிர்பார்க்கவும் கூடாது. அது கருவிக்கு வரும் காற்றை மட்டுமே காக்கும். முகமூடி, குழாய், நீர்த்தொட்டி ஆகியவற்றை இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் கொண்டு தனியே தூய்மை செய்தே ஆகவேண்டும். ஓசோன் வாயுவால் கருவியைத் தூய்மை செய்யும் பெட்டிகள் விற்பனைக்கு வந்தபோது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் அவற்றைக் குறித்து எச்சரித்தது.

கருவியின் உள்ளே தோன்றும் கேட்டையும் வடிகட்டியால் தடுக்க இயலாது. 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகளில் பல இலட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகள்கள் காற்றோடு வரக்கூடும் என்பது காரணம். ஆகவே, குழாயிலோ முகமூடியிலோ கறுப்புத் துகள்கள் காணப்பட்டால், வடிகட்டியை மாற்றியதோடு அமைதி அடையாமல், மருத்துவரையும் விற்பனையாளரையும் உடனே நாடுக. பழைய கருவியை ஒருவரிடமிருந்து வாங்குவோர் இதை விசாரித்தே வாங்க வேண்டும்.

குடும்பத்தின் பொறுப்பு

இந்நோயின் விந்தை யாதெனில், நோயாளி தன் நோயைத் தான் காண்பதில்லை. மூச்சு நின்றதைக் கேட்டு நடுங்குபவர் அருகில் படுத்திருக்கும் துணைவரே. கருவியின் ஒலி மாறியதை முதலில் அறிபவரும் அவரே. ஆகையால் வடிகட்டியைக் கவனிக்கும் வேலையை உறங்குபவரிடமே விட்டுவிடாமல், வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்வது நலம். மாதத்தின் முதல் சனிக்கிழமை என ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி செல்லும் பேரனோ பேத்தியோ கூட இதைச் செய்யலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, கருவியை வாங்கித் தந்ததோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. அடுத்த முறை தொலைபேசியில் "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும்போது, "பில்டர் மாற்றினீர்களா?" என்றும் கேளுங்கள்.

ஆசிரியரின் கருவிக்குப் புது வடிகட்டி வர நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் அவரை மருத்துவரிடமும் அனுப்பினோம். முகமூடியின் வார் தளர்ந்திருந்ததையும் அங்கே சரிசெய்தனர். மருத்துவர் சொல்லும்வரை மொபெட்டைத் தொடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் கழித்து நாம் சென்றபோது, அவர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாளை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டினார். வடிகட்டி மாற்றிய நாளும், அடுத்து மாற்றவேண்டிய நாளும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன.

"பழசை எறிஞ்சுட்டீங்களா, அம்மா?" என்று கேட்டோம்.

"எறிஞ்சுட்டேன், சாமி" என்றவர், சற்றுத் தயங்கிச் சேர்த்துக்கொண்டார்: "எறியறப்ப மனசு கேக்கல. ஆனா ராத்திரி அவர் மூச்சு சீரா வர்றதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். அப்புறம் சரின்னு தோணிச்சு."